கல்வெட்டில் ஒரு கொலை வழக்கும், அதைத் துப்பறிந்த தமிழ் வாத்தியாரும்



இந்த மலருக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று சொன்னபோது, எங்கள் குழுவில் எல்லாரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். பத்தாவது வரை படித்தவள், குழுவின் கணக்கு நோட்டு எழுதுகிறவள் என்பதால் எழுத்து எனக்கு வரும் என்று நினைத்துவிட்டார்கள் போல. மற்ற குழுக்கள் தையல், கறவை மாடு, சிறுதானியம் என்று எழுதுவார்கள். நான் ஒரு கொலை வழக்கைப் பற்றி எழுதப் போகிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கொலை. ஏன் இதைப் போய் எழுதுகிறேன் என்பது கடைசியில் தெரியும்.

பொன்னியின் செல்வன் படம் 2022-லும் 2023-லும் ரெண்டு பாகமாக வந்ததல்லவா? டிவியில் போட்டபோது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் என் பெண் கேட்டாள்: "அம்மா, ஆதித்த கரிகாலனை நிஜமா யாரு கொன்னது? அந்த நந்தினிதான் காரணமா?" எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த என் அத்தை மட்டும், "எந்தக் கதையிலதான் பொம்பளை காரணம் இல்லாம இருக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அந்த வார்த்தை எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் கிடைத்த புத்தகங்களைப் படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். போன வருஷம் குழுவோடு வேன் வைத்துச் சிதம்பரம் போனபோது, கெஞ்சிக் கேட்டு வண்டியைக் காட்டுமன்னார்கோயிலுக்கும் விடச் சொன்னேன்.

யார் இந்த ஆதித்த கரிகாலன்?

சுந்தர சோழரின் மூத்த பிள்ளை. குந்தவையும் பின்னால் ராஜராஜன் ஆன அருண்மொழியும் இவனுடன் பிறந்தவர்கள். சின்ன வயசிலேயே சேவூர்ப் போரில் வீரபாண்டியனோடு சண்டை போட்டு ஜெயித்தவன். கல்வெட்டுகளில் இவனுக்கு 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்றே அடைமொழி. பட்டத்துக்கு வரவேண்டிய அந்தப் பிள்ளை கி.பி. 969 வாக்கில் கொலை செய்யப்பட்டான்.

இது எங்கேயோ தஞ்சாவூர்க்காரர்கள் கதை என்று நினைக்காதீர்கள். நம்ம காஞ்சிபுரத்தில் அன்றைக்குச் சோழருக்குப் பொன்மாளிகை என்று ஓர் அரண்மனை இருந்தது. மகன் போனபின் சுந்தர சோழர் கண்ணை மூடியது அங்கேதான். அதனால் அவருக்கு 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்றே பேர். அவர் மனைவி வானவன் மாதேவி அவரோடு உடன்கட்டை ஏறிவிட்டார். நம்ம உத்திரமேரூர்க் கோயில் சுவரில் 'வீரபாண்டியன் தலைகொண்ட' பார்த்திவேந்திரவர்மன் என்ற பேரில் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவனும் ஆதித்த கரிகாலனும் ஒரே ஆள்தான் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு.

ஆதித்தன் போனபின், சுந்தர சோழருக்கு அடுத்துப் பட்டத்துக்கு வந்தது தம்பி அருண்மொழி அல்ல, சித்தப்பா முறையான உத்தம சோழன். அவர் சுமார் 15 வருஷம் ஆண்டபிறகு, 985-ல்தான் ராஜராஜன் அரியணை ஏறினான்.

கொலைகாரன் பேரைச் சொன்ன நிலப் பத்திரம்

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி. சென்னைக்குக் குடிதண்ணீர் அனுப்புகிற வீராணம் ஏரி அந்தப் பக்கம்தான். நம்ம ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்த ராமானுஜர் பார்க்க ஏங்கிய ஆளவந்தார் பிறந்ததும் அந்த ஊர்தான். அங்கே அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. அதாவது கொலை நடந்து கிட்டத்தட்ட 18 வருஷம் கழித்து.

அங்கே இருந்த பெரியவர் ஒருவர் கையால் தடவிக் காட்டினார். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, "அட, இது நம்ம பத்திர ஆபீஸ் சமாச்சாரம் மாதிரி இருக்கே" என்று தோன்றியது. ஏனென்றால் அது கொலையைச் சொல்வதற்காக வெட்டிய கல் அல்ல. ஒரு நிலம் எப்படிக் கைமாறியது என்று சொல்கிற கல்.

விஷயம் இதுதான். கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியவர்களுடைய சொத்தையும், அவர்கள் உறவுக்காரர்களுடைய சொத்தையும் எடுத்து விற்றுவிட வேண்டும் என்று ராஜா அந்த ஊர்ச் சபைக்கு ஓலை அனுப்புகிறார். கண்காணிக்க ரெண்டு பேரையும் நியமிக்கிறார். அப்படி விலைக்கு வந்த நிலத்தையும் மனைகளையும் ஓர் அதிகாரி 112 கழஞ்சு பொன் கொடுத்து வாங்கிக் கோயில் தர்மத்துக்கு எழுதி வைக்கிறார். நாளைக்கு யாரும் வந்து "இது எப்படி உனக்கு வந்தது?" என்று கேட்கக்கூடாது இல்லையா? அதற்காக முன் கதையையும் சேர்த்துக் கல்லில் வெட்டிவிட்டார்கள்.

நம்ம பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். கம்பெனிகளுக்கு நிலம் எடுத்தபோது ஒவ்வொரு வீட்டிலும் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று அலைந்தோம். எந்தத் தாத்தாவுக்கு எத்தனை பெண்டாட்டி, எந்தப் பங்காளி எப்போது கையெழுத்துப் போட்டான் என்று அதுவரை வெளியே வராத கதை எல்லாம் பத்திரத்தைப் பிரித்தபோதுதானே தெரிந்தது? ஆதித்த கரிகாலன் கதையும் அப்படித்தான். ராஜா வீட்டு ரகசியம் ஒரு நிலக் கிரயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கல்லில் இல்லாத பெண்

என் பெண் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. அந்தக் கல்லில் நந்தினி என்று யாரும் இல்லை. கல்கி 1950-லிருந்து தொடர்கதையாக எழுதியபோது உண்டாக்கின பாத்திரம் நந்தினி. கடம்பூர் மாளிகையும் அப்படித்தான். கதை எழுதுகிறவருக்கு அந்த உரிமை உண்டு, அது நல்ல கதை, நானும் ரசித்தேன். ஆனால் கதையைப் பார்த்துவிட்டு நாம் சரித்திரம் என்று பேசும்போது, பிறக்கவே பிறக்காத ஒரு பெண் மேலே ஒரு கொலைப் பழியைப் போட்டுவிடுகிறோம். கல்லில் இருப்பது மூன்று ஆண்கள். மூவரும் அண்ணன் தம்பிகள். பிரமாதிராஜன் என்பது அந்தக் காலத்தில் அந்தணர் குலத்து உயர்ந்த அதிகாரிகளுக்கு ராஜா கொடுக்கிற பட்டம். அப்படியென்றால் வெளியாள் யாரும் வந்து கொல்லவில்லை. உள்ளே இருந்து உத்தியோகம் பார்த்தவர்களே செய்திருக்கிறார்கள்.

ஏன் செய்தார்கள், எந்த இடத்தில், எந்த ஆயுதத்தால் என்று கல் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் துப்பறியும் வேலை ஆரம்பிக்கிறது.

சந்தேகம் யார் மேலே விழுந்தது?

பெரிய சரித்திர ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். சோழர்களைப் பற்றி 1935-ல் அவர் எழுதின ஆங்கிலப் புத்தகம்தான் இன்றைக்கும் எல்லாரும் எடுத்துப் பார்ப்பது. அவருக்குச் சந்தேகம் உத்தம சோழன் மேலே. கணக்கு லேசானது. அண்ணன் மகன் செத்ததால் லாபம் யாருக்கு? பட்டத்துக்கு வந்த உத்தமனுக்கு. கொலைகாரர்கள் மேலே நடவடிக்கை எப்போது தெரிகிறது? உத்தமன் போய் ராஜராஜன் வந்தபிறகு. அப்படியானால் நடுவில் அத்தனை வருஷம் அவர்களைக் காப்பாற்றினது யார்?

கேட்டால் நியாயமாகத்தான் தெரிகிறது. நானும் முதலில் படித்தபோது, "சரியாப் போச்சு, இவர்தான்" என்று முடிவு கட்டிவிட்டேன்.

இதை ஒத்துக்கொள்ளாத ஒருத்தர் வந்தார். அவர் பேர் தி. வை. சதாசிவப் பண்டாரத்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பியத்தில் 1892-ல் பிறந்தவர். கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் பல வருஷம் தமிழ் வாத்தியார். சரித்திரம் அவருக்கு உத்தியோகம் இல்லை. பையன்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் கோயில் கோயிலாகக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்தார். பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1949-ல் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதி வந்தது. இங்கிலீஷ் தெரியாத நம்மைப் போன்றவர்களும் சோழர் சரித்திரத்தைத் தமிழில் படிக்க வழி செய்த புத்தகம் அது. போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை, ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். அவர் இந்த ஆயிரம் வருஷத்து வழக்கைப் பிரித்துப் பார்த்து, உத்தம சோழன்மேல் இந்தப் பழியைப் போடுவது பொருந்தாது என்றார்.

உத்தமனுக்காகச் சொல்லக்கூடிய சாட்சியங்களை ஒவ்வொன்றாக நாமும் பார்ப்போம்.

முதல் சாட்சி, நம்ம பக்கத்துத் திருவாலங்காடு. அங்கே 1905-ல் கிடைத்த செப்பேடு ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தது. ஜனங்கள் அருண்மொழியைப் பட்டத்துக்கு வரச் சொன்னார்கள், அவனோ சித்தப்பாவுக்கு ஆசை இருக்கிறவரை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று அதில் இருக்கிறது. அண்ணனைக் கொன்றவர் என்று தெரிந்திருந்தால் ஒரு தம்பி இப்படி விட்டுக்கொடுப்பானா? அப்படியே விட்டுக்கொடுத்திருந்தாலும், அதைப் பெருமையாகச் செப்பேட்டில் எழுதி வைப்பார்களா?

இரண்டாவது சாட்சி, உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன். ராஜராஜன் ஆட்சியில் இவன் கோயில் விவகாரங்களை விசாரிக்கிற பெரிய அதிகாரி. அண்ணனைக் கொன்றவனின் பிள்ளையைக் கூப்பிட்டுக் கோயில் கணக்கைப் பார்க்கச் சொல்வாரா யாராவது?

மூன்றாவது சாட்சி, உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி. செங்கல் கோயில்களைக் கல் கோயில்களாகக் கட்டின புண்ணியவதி. ராஜராஜன் காலத்திலும் மரியாதை குறையாமல் வாழ்ந்தவர்.

நான்காவது, அந்த உடையார்குடிக் கல்லே. அது நிலம் விற்ற தேதியைத்தான் சொல்கிறது. விசாரணை எப்போது தொடங்கியது, தண்டனை எப்போது கொடுத்தார்கள் என்று அதில் இல்லை. கிரயம் நடந்த நாளை வைத்துக்கொண்டு, அதற்கு முன் ஒன்றுமே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நம்ம ஊரிலும் கேஸ் ஒரு வருஷம் முடியும், சொத்து கைமாறப் பத்து வருஷம் ஆகும்.

ரவிதாசனின் பட்டத்தில் இருக்கிற 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கிற சொல். அதை வைத்து, வீரபாண்டியன் தலை போனதற்குப் பழி வாங்கினார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. பாண்டியனை வென்ற சோழன் கொடுத்த பட்டமாகவும் அது இருக்கலாம் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அந்தத் தமிழ் வாத்தியார் கொலைக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆதாரம் பத்தாத இடத்தில் ஓர் ஆளைக் குற்றவாளி என்று சொல்லக்கூடாது என்று நின்றார். துப்பறிவதில் இதுவும் ஒரு பாதி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எங்கள் குழுவில் நடந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டேன். "என் பேரைப் போடாம எழுது" என்றார்கள்.

சில வருஷம் முன்னால் எங்கள் குழுவில் கையிருப்பு 3,500 ரூபாய் குறைந்தது. நோட்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. மாதாமாதம் பாங்கிக்குப் பணம் எடுத்துப் போனது அந்த அக்காதான். வீட்டுக்காரர் இல்லாதவர்கள், பெண் கல்யாணத்துக்குக் கடன் தேடிக்கொண்டிருந்த நேரம் வேறு. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் நினைத்தோம். லாபம் யாருக்கு என்று பார்த்தால் கணக்கு லேசாக இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததுக்கும் வரவில்லை. "பாத்தியா, வரமாட்டேங்கறாங்க" என்று அதையும் சாட்சியாக்கிவிட்டோம்.

ரெண்டு மாதம் கழித்துத் தணிக்கைக்கு நோட்டைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தர் பாஸ்புக்கையும் வாங்கி ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஓர் உறுப்பினர் கட்டின கடன் தவணை 3,500 அவர் பாஸ்புக்கில் ஒரு முறைதான் இருந்தது. நோட்டில் ரெண்டு முறை இருந்தது. கூட்டத்தன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. ரெண்டுமே என் கையெழுத்து. பணம் எங்கேயும் போகவில்லை. வராத பணத்தை நான்தான் வந்ததாக எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி, தீர்மான நோட்டிலும் எழுதினேன். அந்த அக்கா திரும்பக் குழுவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவர்கள் கேட்டது ஒன்று: "கணக்கு சரியாயிடுச்சு, சந்தோசம். ரெண்டு மாசமா நான் கடைக்குக்கூட வேற தெரு வழியாப் போனேனே, அதை எந்த நோட்டுல எழுதுவ?"

இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையைத்தான் எழுத முடிந்தது.

தண்டனை எதுவரை போனது?

உடையார்குடிக் கல்லில் இன்னொன்றும் இருக்கிறது. அது என் மனசைப் போட்டு உலுக்கியது. சொத்து போனது கொன்றவர்களுக்கு மட்டும் இல்லை. அவர்கள் பிள்ளைகள், மனைவிமார், பெரியப்பன் சித்தப்பன்மார், மாமன்மார், அவர்கள் கூடப்பிறந்த பெண்களைக் கட்டினவர்கள், அவர்கள் மகள்களைக் கட்டினவர்கள், எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெரிய நங்கைச்சாணி என்று ஒரு தாயின் பேரும் இருக்கிறது. கதையில் கொலைக்குக் காரணம் ஒரு பெண். கல்லில் பெண்களுக்குக் கொலையில் பங்கில்லை, தண்டனையில் பங்கு உண்டு. எவனோ ஓர் அண்ணன் செய்ததற்கு, எங்கோ வாழ்க்கைப்பட்டுப் போன தங்கச்சி வீட்டு நிலமும் போயிருக்கிறது. அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் இதே மாதிரி ஒரு விதி உண்டு. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது, குடவோலைத் தேர்தல் விதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது. அவன் உறவுக்காரர்களும் நிற்க முடியாது. கணக்குக் காட்டவேண்டும் என்பது நல்ல விதி, அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒருத்தன் தப்புக்கு உறவு முழுவதையும் ஒதுக்குவதை அந்தக் காலத்தோடு விட்டுவிடலாம். அன்றைக்கு அந்தக் குடத்தில் ஒரு பெண் பேரும் விழவில்லை. இன்றைக்கு நம்ம குழு நோட்டில் நம்ம பேரை நாமே எழுதுகிறோம்.

அதனால் எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் ரொக்கப் புத்தகத்தை ஒருத்தர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் அவரவர் பாஸ்புக்கைப் பிரித்து வைத்துச் சரிபார்க்கிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். அரைமணி நேரம் கூடுதலாக ஆகிறது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய தங்கச்சிகள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். ஆனாலும் விடுவதில்லை. பணம் குறைந்தால் முதலில் நோட்டைத்தான் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை.

என் பெண்ணிடமும் பதில் சொல்லிவிட்டேன். "கொன்னது மூணு அண்ணன் தம்பிங்க, அது கல்லுல இருக்கு. ஏன் கொன்னாங்கன்னு தெரியல. தெரியாத இடத்துல யார் பேரையும் எழுதக் கூடாது."